‘வா மகனே’ என்றது யார்?

ஹூஸ்டன், டெக்சஸ்
அக்டோபர், 1953

அன்புத் தங்கை வெர்னிஸுக்கு,

அக்காள் எர்னஸ்டீன் எழுதுவது. இங்கே எல்லோரும் கர்த்தர் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். ஓக்லாந்தில் நீயும் பிள்ளையும் சுகம்தானே? பையனுக்கு இருமல் விட்டதா? கடல் காற்றில் அவனை வெளியே தூக்கிக்கொண்டு அலையாதே.

நீ கேட்டதற்கு வருகிறேன். நம் தம்பி லூஷியஸின் பாட்டை உங்கள் ஊர் ரேடியோவிலும் போடுகிறார்களாம். நடுவில் அவன் குரல் உடைகிற இடத்தில் "வா மகனே, வா" என்று ஒரு பொம்பளை சொல்கிறாளே, அவள் யார் என்று கேட்டிருந்தாய். நீ மட்டுமா கேட்கிறாய்? நம் லயன்ஸ் அவென்யூத் தெரு முழுக்க இதே பேச்சுதான். என் கடைக்குத் சுருட்டை முடியை நீவி நேராக்க வருகிறவர்கள், சூட்டுச் சீப்பு காதில் படுவதுகூடத் தெரியாமல் வாதாடுகிறார்கள். கிளப்பில் பாடுகிற கோரா லீ, "அது நான்தான்" என்று சொல்லியே ஊரார் செலவில் பீர் குடித்துத் தீர்த்தாள். முடிதிருத்தும் வில்பர்ட் என்னவென்றால், "அது கூலிக்குக் கூட்டியாந்த நடிகை, எனக்குத் தெரியாதா" என்று அடித்துச் சொல்கிறார்.

உட்கார்ந்துகொண்டு படி. அது நம் அம்மா.

நான் கூட இருந்தேன், அதனால் நம்புகிறேன். லூஷியஸ் சபைப் பாட்டை விட்டுக் கிளப்பில் பாடப் போனதிலிருந்து அம்மா அவன் பெயரை எடுத்ததில்லை, வாசற்படி மிதிக்க விட்டதுமில்லை. அது போதாதென்று, இந்தப் பாட்டைப் பதிவு செய்த நாளன்று அவன் சபையின் டம்பரின் மேளத்தைக் கேட்காமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அதைத் தட்டாமல் நம் சபையில் ஆராதனை ஏது? அம்மா வெள்ளை உடுப்பும் வெள்ளைக் கையுறையுமாக நேரே கிளம்பிவிட்டாள். "கர்த்தரோட சாமானை அந்தக் குடிகாரப் பயலுங்க கையில விட்டு வைக்க மாட்டேன்" என்று வழியெல்லாம் திட்டு. நான் பின்னாலேயே ஓடினேன்.

இசைத்தட்டுக் கடையின் பின்னறையில் ஒரே ஒரு மைக். அதைச் சுற்றி எல்லோரும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கதவைத் திறந்ததும் லூஷியஸ் அம்மாவைப் பார்த்துவிட்டான். "எத்தனை நாள்தான் வெளியிலயே நிப்பேன்" என்ற வரியின் நடுவிலேயே அவன் குரல் உடைந்துவிட்டது.

பாடுகிறவர் தடுமாறினால் நம் சபையின் முன்வரிசை அம்மாக்கள் சும்மா இருப்பார்களா? குரல் கொடுத்துத் தூக்கிவிடுவார்கள். அம்மாவுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. வந்த கோபமெல்லாம் மறந்து "வா மகனே, வா" என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவனோ அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு குரலை மேலே ஏற்றிப் பாடினான் பார், எனக்கு இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. கடைக்காரர், இதைவிட நன்றாக வராது, மறுபடி பதிவு செய்யவே மாட்டேன் என்றுவிட்டார்.

சபையார் எத்தனை நாள் ஏமாறுவார்கள்? அம்மா குரலை அறியாத காது அங்கே இல்லை. சபைக்கு ஆகாத உலகப் பாட்டில் குரல் கொடுத்தவர்கள், சபையார் எல்லோர் முன்னும் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் முன்வரிசை அம்மா என்கிற பதவி போய்விடும். அம்மாவுக்கு அந்த முன்வரிசை நாற்காலிதான் உயிர் என்று உனக்குத் தெரியும். "கேட்டுடும்மா, ஒரு நிமிஷ வேலைதானே" என்று கெஞ்சினேன்.

போன ஞாயிறு பாஸ்டர் ஹைடவர், "சிஸ்டர் அர்ஜீலியா, எழுந்து வாங்க" என்றார். அம்மா போய் நின்ற இடம் உனக்கு மறந்திருக்காது. கல்யாணமாகாமல் வயிற்றில் பிள்ளையோடு இருந்த உன்னை, மன்னிப்புக் கேட்க அம்மாவே கொண்டுபோய் நிறுத்திய அதே இடம்.

"என் புள்ள தடுமாறினான், பதில் சொன்னேன். அதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன்" என்றாள். பிறகு, "இந்த இடத்துல என் பொண்ணு நின்னு அழுதா. அப்ப நான் வாயத் தொறக்கல. அதுக்குக் கேக்குறேன்" என்றாள். அவ்வளவுதான். தானாகவே நடந்துபோய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நான் தேம்பித் தேம்பி அழுதேன் வெர்னிஸ், வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

அன்று மதியம் லூஷியஸ் வீட்டுக்கு வந்து நின்றான். அம்மா, "டம்பரின் எங்கடா?" என்று மட்டும் கேட்டாள். பொரித்த கோழியில் அவனுக்குப் பிடித்த துண்டை எடுத்து அவன் தட்டில் போட்டாள்.

உனக்கு ஒரு வரி எழுதச் சொன்னேன். "எந்த முகத்தோட எழுதறது" என்கிறாள். அவள் முதலில் பேச மாட்டாள். அந்தச் சுபாவம் நமக்குத் தெரியாததா? ஆனால் தன் பிள்ளை கூப்பிட்டால் அவளால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. அதை இப்போது ஊரே கேட்டுவிட்டது. கிறிஸ்துமஸுக்கு ரயில் ஏறு. பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று ஒரே ஒரு தடவை "அம்மா" என்று சொல். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

கர்த்தர் உங்கள் இருவருக்கும் வழித்துணையாக வரட்டும்.

பின்கட்டு அறையில் உன் கட்டிலுக்குப் புது விரிப்புப் போட்டாயிற்று. உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்காள் எர்னஸ்டீன்

பி.கு.: விரிப்பு நான் போட்டதல்ல.