அப்பாவின் இடப்பக்கம்

ஜனவரி 13, செவ்வாய். செவிலிமேடு

காலையில் பனி. பை கட்டும் வேலை. பாஸ்போர்ட் 4, டிக்கெட் பிரிண்ட், அம்மாவின் பி.பி. மாத்திரை, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, பருப்புப் பொடி. தங்கை கவிக்கு மட்டும் மூன்று ஜோடி செருப்பு.

நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம். முதல் மாதமே நினைத்தது: அப்பாவை ஒரு தடவை கடலை ஒட்டியே நாள் முழுக்க வண்டியில் கூட்டிப்போக வேண்டும். இலங்கை என்று முடிவு செய்தது கவி. பொங்கல் லீவு, தறிக்கும் லீவு. பொங்கலும் அதுவுமாக வாசலில் கோலமில்லாமல் பூட்டிப்போவார்களா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டாராம். நீயே போட்டுவிடு என்று அம்மா கோலமாவு டப்பாவைக் கொடுத்துவிட்டாளாம்.

தறியில் பாதிச் சேலை. அப்பா அதன்மேல் பழைய வேட்டியைப் போர்த்தி, ஓரங்களைத் தடவித் தடவிச் சொருகினார். ரொம்ப நேரம்.

ஜனவரி 14, புதன். கொழும்பு – காலி

விமானத்தில் அப்பா கண்ணை மூடியே இருந்தார். பயமா என்று கவி கேட்டாள். "மேகத்துல பாக்கறதுக்கு இன்னா இருக்குது" என்றார்.

இமிக்ரேஷனில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டார்கள். எனக்குத் தொண்டையில் சத்தமே வரவில்லை. வீட்டில் முதல் டிகிரி நான். பதில் சொன்னது இப்போதுதான் காலேஜில் சேர்ந்த கவி. "மொத பட்டதாரி, ஊம பட்டதாரி" என்று வண்டி வரைக்கும் கேலி.

வேன் ஓட்டுபவர் யோகன் அண்ணன். மட்டக்களப்புக்காரர். கடல் வலப்பக்கம் வரும், ஐயா ஜன்னலோரம் இருக்கட்டும் என்றார். காற்று ஆகாது என்று அப்பா நடுவில் உட்கார்ந்தார். வலது ஜன்னலில் அம்மா, இடது ஜன்னலில் கவி. பெட்டிகளோடு பின்சீட்டில் நான். யாரோடும் பேச வேண்டாத இடம்.

நேராகவே பார்த்துக்கொண்டு வந்தார் அப்பா. கடல் பக்கம் திரும்பவே இல்லை. இவருக்காகத்தானே கடல். கொஞ்சம் வருத்தம்.

ஜனவரி 15, வியாழன். காலி

கெஸ்ட் ஹவுஸ் அடுப்பில் அம்மா பொங்கல் வைத்தாள். யோகன் அண்ணன், தன் வீட்டுப் பொங்கலை விட்டு வந்தவர், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். வீட்டுக்காரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. பால் பொங்கியதும் அவரும் கை தட்டினார்.

கோட்டை. கலங்கரை விளக்கத்தின் முன்னால் போட்டோ. எல்லாரும் கேமராவைப் பார்க்க, அப்பா மட்டும் தள்ளி ஒரு தென்னையைப் பார்த்துச் சிரிக்கிறார். மூன்று போட்டோவிலும்.

சாயங்காலம் வீட்டுக்காரம்மா கல்யாணத்துக்குப் பட்டு கட்டிக்கொண்டு கிளம்பினார். அம்மா குளியலறையில். அப்பா, யோகன் அண்ணன் மூலம் கேட்டு, முந்தானை ஓரத்தை வாங்கிக் கட்டைவிரலால் தடவினார். உடலும் கரையும் சேரும் இடத்தில் விரல் கொஞ்சம் நின்றது. "கோர்வ சுத்தமா இருக்குது." சரிதான். பிறகு சொன்னார், "அரக்கும் நல்ல அரக்கு."

சேலை பச்சை.

"ஐயா நல்லாப் பகிடி விடுறார்" என்றார் யோகன் அண்ணன். கவியும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. குளியலறைக் கதவுப் பக்கம் திரும்பினார்.

நாற்பது வருடம் பட்டில் இருக்கிறவர். நிறத்தில் விளையாட மாட்டார்.

அப்பாவுக்குக் கண் தெரியவில்லை.

எழுதிவிட்டேன். 

ஜனவரி 16, வெள்ளி. காலி – மாத்தறை – தங்காலை

நல்ல வெயில். கவி காதில் பாட்டு. நான் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டே வந்தேன். அம்மா அப்பாவிடம் முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்துக்குள் பேசுவாளே, அந்தக் குரல். கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அப்பா நடுவில். அவருக்கு வலப்பக்கம் உட்கார்ந்து கரைக்கு நூல் ஓட்டும் நாடாவைத் தள்ளுவது அம்மா. எனக்கு நினைவு தெரிந்து அந்தப் பக்கம்தான்.

"நாலு படகு. ஒண்ணு சேப்பு. பசங்க கிரிக்கெட் ஆடிக்கினு இருக்குதுங்க. தோ, கொம்பு மேல ஒருத்தன் குந்திக்கினு மீன் புடிக்கிறான்."

"தண்ணிலயா?"

"தண்ணிலதான்."

கொஞ்ச நேரம் கழித்துக் கவி ஹெட்செட்டைக் கழற்றி, கொம்பு மேல் ஆளைப் பார்த்தாயா என்று கேட்டாள். "பாத்தேனே. எப்படித்தான் குந்திக்கினு இருக்கானோ" என்றார் அப்பா.

தங்காலையில் துணி அலசும்போது அம்மாவிடம் கேட்டே விட்டேன். பிழிந்த துண்டையே மறுபடி பிழிந்தாள். பிறகு சொன்னாள்.

கண்புரை. ஒரு கண் முழுக்க, இன்னொன்று முக்கால். ஆடி மாதமே டாக்டர் ஆபரேஷன் சொல்லிவிட்டாராம். செய்தால் சரியாகிவிடுமாம். தறியில் நூலின் நிறத்தை அம்மா சொல்ல, மீதியை விரல் பார்த்துக்கொள்கிறதாம்.

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

"நீ டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுவியாம். பொண்ணு ஆசப்பட்டுக்கினு இருக்குது, போயி வந்து பாத்துக்கலாம்னாரு. இப்ப, தறில கீற சேலைய முடிச்சிட்டுப் பாத்துக்கலாம்ன்றாரு. அப்பறம் இன்னா சொல்வாரோ. பயம்டி அவருக்கு."

அவருக்காக என்று நான் போட்ட பயணம். எனக்காக வந்திருக்கிறார்.

ஜனவரி 17, சனி. தங்காலை – கொழும்பு

திரும்பும் வழி. கடல் இப்போது இடப்பக்கம். அம்மா பழக்கத்தில் வலப்பக்கமே ஏறிவிட்டாள். அவள் ஜன்னலில் கடைகளும் காம்பவுண்டுச் சுவரும்தான். கவியைப் பின்சீட்டுக்குப் போகச் சொன்னேன். பட்டதாரிக்கு என்ன திடீரென்று என முறைத்தாள். போனாள். அப்பாவின் இடப்பக்கம் உட்கார்ந்தேன்.

மாத்தறை வரைக்கும் படகுகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பிறகு, "அப்பா, அஞ்சு படகு" என்றேன்.

அப்பா அம்மா பக்கம் திரும்பினார். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். அவர் கை என் முழங்கையைத் தேடிப் பிடித்தது. 

"கடலு இன்னா கலரு?"

"அம்மா சொல்லலியா?"

"உங்கம்மா நீலம்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டா."

நன்றாகப் பார்த்தேன். நீள நூல், குறுக்கு நூல் என்று தறிக் கணக்கிலேயே சொன்னேன். "பாவு பச்ச, ஊட நீலம்பா. வெயில் பட்டா பச்ச, வண்டி திரும்பினா நீலம். கரைகிட்ட வெள்ளி ஜரிக."

"கடல்ல அப்படி வராது."

"வருதுப்பா."

"சும்மா சொல்ற."

காலேஜ் வைவாவில்கூட இவ்வளவு பேசியதில்லை. காலி தாண்டும்போது தொண்டை கட்டிவிட்டது. பின்னால் கவி ஹெட்செட் இல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கேலி ஒன்றும் இல்லை. புரிந்திருக்கும்.

இளநீருக்கு நிறுத்தினார் யோகன் அண்ணன். இங்கே இளநீர் ஆரஞ்சு நிறம். சொன்னேன். அதையும் நம்பவில்லை. கையில் வாங்கித் தடவினார். சுற்றிச் சுற்றித் தடவினார். விரலுக்கு அது தெரியவில்லை.

"திங்கக்கெழம ஆஸ்பத்திரி எத்தினி மணிக்குத் தொறப்பான்?"

"எட்டுக்கு" என்றாள் அம்மா. உடனே.

"சேல?" என்றேன்.

"கெடக்குது. கண்ண சரி பண்ணிக்கினு இதே ரோட்டுல இன்னொரு வாட்டி வரணும். இவ எத்தினி பொய் சொல்லிக்கினு வந்தான்னு பாக்கணும்."

வண்டி கிளம்பியாச்சு. எழுத்து ஆடுகிறது. கடலை ஒட்டி ரயில் ஒன்று வருகிறது. பேனாவை மூட வேண்டும், அப்பாவிடம் சொல்ல வேண்டும்