முதுகில் ஒரு பெருக்கல் குறி

மச்சான்,

இன்று வகுப்பு முடிந்து வீட்டுக்கு வந்தபோது கையெல்லாம் சாக்பீஸ் தூள். தேய்த்துக் கழுவியும் விரலிடுக்கில் கொஞ்சம் மிச்சம். உடனே நீ வந்துவிட்டாய். எட்டு வருஷமாக இப்படித்தான், கூப்பிடாமலே வந்து நிற்கிறாய்.

தோல் ஆலையில் நாம் இருவரும் மேஸ்திரிகள். விபத்துத் தடுப்புப் பயிற்சிக்கு நம்மைத்தான் அனுப்பினார்கள். ஞாயிறுதோறும் தாம்பரத்தில் வகுப்பு. அனகாபுத்தூரிலிருந்து ஒரே சைக்கிளில் போவோம். மிதிப்பது நீ, பேசுவது நான்.

கடைசி ஞாயிறு ஒத்திகை. காலித் தண்ணீர்த் தொட்டிதான் விஷவாயுக் குழி. மயங்கி விழுந்தவனாக நீ உள்ளே கிடந்தாய். நான் யோசிக்கவே இல்லை, குதித்துவிட்டேன். பயிற்சி கொடுத்த சார் வந்து, என் புது டெரிலின் சட்டையின் முதுகில் சாக்பீஸால் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். "இது ரெண்டாவது பொணம்" என்றார். வகுப்பே சிரித்தது. செத்துக் கிடந்த நீயும் கண்ணைத் திறந்து சிரித்தாய். "எனக்கோசரம் செத்துட்டியேடா மச்சான்! வா, டீ வாங்கித் தரேன்."

சார் இன்னொன்றும் சொன்னார். அந்த வாயு முதலில் அழுகிய முட்டையாக நாறும். நாற்றம் திடீரென்று நின்றுபோனால் மூக்கு மரத்துவிட்டது, ஓடு. நீயும்தான் நோட்டில் எழுதினாய், பாவி.

மூன்றே மாதம். ஆலைக் கழிவுக் குழியில் அடைப்பு. காற்றுக்குழாய் வைத்த முகமூடியும் கயிறும் ஸ்டோரில். சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். "அவர் வரட்டும்டா" என்றேன்.

"அஞ்சு நிமிசம் வேலை. சும்மா பேஜார் பண்ணாத" என்று ஏணியில் இறங்கினாய். பாதியில் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டினாய். அடியில் போய் நின்று சொன்னாய்: "இப்போ நாத்தமே இல்ல மச்சான்."

"ஏறுடா! மேல ஏறுடா!" என்று கத்தினேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். அப்படியே முழங்கால் மடிந்து சரிந்தாய்.

என் ஒரு கால் ஏணியில் இருந்தது. முதுகில் யாரோ சாக்பீஸால் கோடு இழுப்பதுபோல் இருந்தது. காலை எடுத்துவிட்டேன். உன்னைத் தூக்க இறங்கப் பாய்ந்த ஆலை ஆட்கள் இரண்டு பேரையும் பிடித்துத் தள்ளினேன். ஸ்டோர் பூட்டை உடைத்து, முகமூடி மாட்டிக்கொண்டு இறங்கி, உன்னைக் கயிற்றில் கட்டி ஏற்றினேன். உன் கை சூடாகத்தான் இருந்தது. உயிர் இல்லை.

உன் சம்சாரம் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்: "மேலயே நின்னுகினு இன்னாண்ணா பண்ணீங்க?"

என்னவென்று சொல்வேன்? படித்ததைச் செய்தேன் என்றா?

இப்போது அந்த வகுப்பை நடத்துவது நான். இன்றைய ஒத்திகையில் ஒருவன் கூட்டாளிக்காகத் தொட்டியில் குதித்தான். அவன் முதுகில் குறி போட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். "சிரிக்காதீங்கடா!" என்று கத்திவிட்டேன். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

நான் தள்ளிவிட்ட இரண்டு பேரும் பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருக்கிறார்கள். நான் செய்தது சரிதான் மச்சான். வகுப்புக்கு வகுப்பு அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். உன் தெரு வழியாக மட்டும் எட்டு வருஷமாக நான் போனதில்லை.