இருளாயியின் பெயரில் என் அக்காள்

அனுப்புநர்:
கு. கிருபாபாய், வயது பதினான்கு,
ஏழாம் வகுப்பு மாணவி,
மிஷன் பெண்கள் விடுதி,
ஸ்ரீவில்லிபுத்தூர்.

பெறுநர்:
மேன்மை தங்கிய ஜில்லா கலெக்டர் துரை அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: இலங்கைத் தீவைப் பார்த்து வரச் சென்ற என் அக்காள் ஞானபாக்கியம், இறந்துபோன வேறொரு பெண்ணின் பெயரால் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நிறுத்தி வைக்கப்பட்டிருப்பது பற்றியும், அவளை மீட்டுத் தர வேண்டியும்.

மதிப்புக்குரிய ஐயா,

இம்மனுவில் எல்லாவற்றையும் உண்மையாகவே எழுதுவேன். நான் கண்ணால் கண்டது, கடிதத்தில் படித்தது, பிறர் சொல்லக் கேட்டது ஆகிய மூன்றையும் அங்கங்கே பிரித்துச் சொல்லியிருக்கிறேன். எங்களுக்கு அனுகூலமில்லாத செய்திகளையும் மறைக்கவில்லை. மனு எழுதிப் பழகிய ஒருவர் தாம் எழுதித் தருவதாகச் சொன்னார். அவர் எழுதிக் காட்டிய முதல் தாளில் என் அக்காளின் பெயரே இல்லை, 'மேற்படி ஸ்திரீ' என்றுதான் இருந்தது. பெயர் போனதுதான் எங்கள் குறையே ஆகையால், நானே எழுதுகிறேன்.

1. என் தகப்பனார் குருபாதம் காலமாகிவிட்டார். என் தாயார் செல்லத்தாய் இராஜபாளையத்தில் இருக்கிறார், எழுத்தறியாதவர். எனக்கு மூத்தவள் ஞானபாக்கியம், வயது இருபத்திரண்டு. அவளை மணந்த என் அத்தான் எலியேசர், வத்திராயிருப்பை அடுத்த வ. புதுப்பட்டியில் மிஷன் பள்ளி உபாத்தியாயராக இருந்தார். எட்டு வருஷம் பூகோளம் கற்பித்தார். சுவரில் தொங்கும் படத்தில் இலங்கையைக் குச்சியால் தொட்டுக் காட்டும்போதெல்லாம், காணாத ஊரைக் கண்டவன்போலச் சொல்லிக்கொடுப்பது தமக்கு வெட்கமாக இருக்கிறது என்பார். சென்ற வருஷம் அவர்கள் குழந்தை பிறந்து பதினோராம் நாள் இறந்தது. அதன்பின் அக்காளே, இந்தக் கோடை விடுமுறையில் போய்ப் பார்த்துவிட்டு வருவோம் என்று சொன்னாள். இது நான் கேட்டது.

2. அவர்கள் எந்தக் கங்காணியிடமும் பெயர் கொடுக்கவில்லை, எந்தக் கூட்டத்தோடும் சேரவில்லை. தாங்களே சேர்த்து வைத்ததைக் கொண்டு, தாங்களே டிக்கெட் எடுத்துச் சென்றார்கள். எங்கள் தெருவில் இதை ஒருவரும் நம்பவில்லை. அடுத்த வீட்டு நெசவுக்காரம்மாள் என் தாயாரிடம், "கூலிக்குப் போறவன் எவன் கூலிக்குப் போறேன்னு சொல்லுதான்? ஊரு பாக்கப் போறேன்னுதான் சொல்லுவான்" என்றார். அன்று நாங்கள் சிரித்தோம். கடலுக்கு அப்பாலும் அதையேதான் சொன்னார்கள்.

3. ஏப்ரல் இருபதாம் தேதி வண்டி கட்டிச் சாத்தூர் போய், அங்கிருந்து ரயிலில் தூத்துக்குடியும், கப்பலில் கொழும்பும் சேர்ந்தார்கள். அக்காள் எழுதிய முதல் நான்கு கடிதங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். அவற்றில் துன்பம் அதிகமில்லை. கொழும்பில் தங்க இடம் கேட்டபோது, கூலியாட்கள் தங்கும் கொட்டகைக்கே வழி காட்டினார்கள் என்றும், அத்தான் சட்டையும் குடையுமாக நின்று தாம் உபாத்தியாயர் என்று சொன்னதற்கு, அப்படியானால் கணக்கப்பிள்ளை வேலைக்கா என்று கேட்டார்கள் என்றும் எழுதியிருக்கிறாள். ஒரு கிராமத்தில் பாஷை தெரியாமல் கையைக் குவித்துத் தண்ணீர் கேட்டபோது, ஒரு சிங்களப் பாட்டி பலாச்சுளை கொடுத்து, இவள் தலையில் எண்ணெய் இல்லை என்று தானே எண்ணெய் தேய்த்துவிட்டாளாம். அட்டைகள் காலில் ஏறுவதையும், மழை ஓயாததையும், வழியில் இருந்த ஓர் ஓடையில் அத்தானின் பை நனைந்து, தலைமை உபாத்தியாயர் முத்திரை வைத்துக் கொடுத்த அறிமுகக் கடிதம் மையெல்லாம் கரைந்து போனதையும் நான்காம் கடிதத்தில் காணலாம். அப்போது அது பெரிய நஷ்டமாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

4. எங்களுக்கு அனுகூலமில்லாத முதல் செய்தி இது. அவர்கள் கண்டியோடு திரும்பியிருக்க வேண்டியவர்கள். நான்தான், தேயிலை மரமா செடியா என்று என் பாடப்புத்தகத்தில் இல்லை, அருகில் போய்ப் பார்த்து எழுது என்று கண்டித் தபாலாபீசுக்கு எழுதினேன். அதற்காகவே மாத்தளைக்கு மேலே மலைப்பாதையில் நடந்தார்கள்.

5. இனி வருவது அத்தான் சொல்ல நான் கேட்டது. மே பதினெட்டாம் தேதி, வழிப்போக்கர் தங்கும் ஒரு மடத்தில் ஒரு பெண் தனியே கிடந்தாள். வன்னியம்பட்டியைச் சேர்ந்த இருளாயி, வயது இருபது இருக்கும். ஆனைக்கல் தோட்டத்துக்கு ஆள் கொண்டு போகும் கங்காணி சுயம்புலிங்கத்தின் கூட்டத்தில் வந்தவள். வயிற்றுப்போக்குக் கண்டு நடக்க முடியாமல் போகவே, பிறகு வந்து கூட்டிப்போவதாகச் சொல்லி அவளை விட்டுவிட்டு மற்றவர்கள் மலையேறிவிட்டார்கள். நம்முடைய பேச்சைக் கேட்டதும் அவள் அக்காளின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு நாள் அக்காள் அவளுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்து, துணி அலசி, கூடவே இருந்தாள். மூன்றாம் நாள் விடிகாலையில் அவள் இறந்தாள். இறப்பதற்கு முன், கழுத்தில் கயிற்றோடு கிடந்த தகர வில்லையைக் காட்டி, "இத எங்க ஆத்தாட்ட குடுத்துருங்க. அவளுக்கு எழுத்துத் தெரியாது, தொட்டுப் பாப்பா" என்றாள்.

தாங்கள் அறிந்திருப்பீர்கள்: தோட்டத்துக்குப் போகும் ஒவ்வொரு ஆளின் கழுத்திலும் எண் அடித்த தகர வில்லை ஒன்று கட்டுகிறார்கள். இருளாயியின் எண் நூற்றெழுபத்து மூன்று.

6. தொலையக் கூடாத பொருளைத் தாலிக் கயிற்றில் கோத்துக்கொள்வது எங்கள் பக்கத்துப் பெண்களின் வழக்கம். என் தாயார் பெட்டிச் சாவியை அப்படித்தான் வைத்திருக்கிறார். எங்கள் சபைப் பெண்களும் தாலி கட்டுகிறவர்களே. அக்காள் அந்த வில்லையைத் தன் தாலிக் கயிற்றில் கோத்துக்கொண்டாள். இடுப்பில் செருகியிருந்தாலும், துணிமூட்டையில் முடிந்திருந்தாலும் இந்த மனு எழுத வேண்டியிருக்காது. அவள் பத்திரமாக வைத்ததுதான் பிழையாயிற்று.

7. அத்தானும் ஒரு சிங்களக் கிழவருமாகக் குழி வெட்டி, மடத்துக்குப் பின்புறம் இருளாயியை அடக்கம் செய்தார்கள். பிறகு மரணத்தை ஊர்த் தலைவனிடம் தெரிவிக்க வேண்டும் என்று அத்தான் கீழே கிராமத்துக்குப் போனார். அவர் திரும்பி வருகையில் மடத்தில் அக்காள் இல்லை. நடந்ததை அக்காள் தன் ஐந்தாம் கடிதத்தில் எழுதியிருக்கிறாள். சுயம்புலிங்கம் இரண்டு ஆட்களோடு வந்து அவள் கழுத்தைப் பார்த்தான். இது இருளாயியின் வில்லைதானே என்று கேட்டான். அவள் ஆம் என்றாள். இது எங்களுக்கு அனுகூலமில்லாத இரண்டாம் செய்தி. அந்த 'ஆம்' என்பதற்குச் சாட்சி இரண்டு பேர் உண்டு. அவள் இறந்துவிட்டாள், பின்னால் குழி இருக்கிறது, வந்து பாருங்கள் என்று அக்காள் சொன்னதற்கு அவன் சொன்னது: "வில்ல கழுத்துல கெடக்கு, சீக்கும் தீந்துட்டு. பொறவு என்னட்டி, நட." தோட்டத்தில் ஆள் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்பதே அவன் கவலை. அக்காளின் முகத்தை அவன் அறியாமல் இருந்திருக்க முடியாது. இது என் அபிப்பிராயம்.

8. அத்தான் பின்னாலேயே தோட்டத்துக்குப் போனார். அங்கே அவரை, இருளாயியைக் கூட்டிக்கொண்டு ஓட வந்தவன் என்று அடித்து விரட்டினார்கள். அவ்வூர் அதிகாரியிடம் போனார். அவர் பொறுமையாகக் கேட்டு, நீ உபாத்தியாயர் என்பதற்கும், அவள் உன் மனைவி என்பதற்கும் அத்தாட்சி எங்கே என்றார். அத்தான் மை கரைந்த தாளைக் காட்டினார். சொந்த ஜில்லாவிலிருந்து அத்தாட்சி கொண்டுவா என்று அனுப்பிவிட்டார். தோட்டத்தின் கீழே பலசரக்குக் கடை வைத்திருக்கும் வத்திராயிருப்பு அகமது கபீர் அவர்கள்தான், காய்ச்சலோடு கிடந்த அத்தானைக் கப்பலேற்றித் தாமும் கூடவே வந்து, இவ்வூர் மிஷன் வைத்தியசாலையில் சேர்த்தார். அவர் என்னிடம் மறைக்காமல் சொன்னதையும் எழுதுகிறேன்: "பிள்ள, ஒங்க அக்காள எனக்கு நல்லாத் தெரியும். அங்கயே அதிகாரிட்ட சொல்லியிருக்கணும். சொன்னா கடைய எடுன்னுருவாவ. பயந்துட்டேன்." இப்போது அவர் சாட்சியாகக் கையெழுத்திட்டிருக்கிறார்.

9. அத்தான் ஆறு நாள் உயிரோடிருந்தார். நான் பள்ளி விட்டதும் போய் அருகில் இருந்தேன். நினைவு வரும்போதெல்லாம் எனக்கு எழுதிக்கொள்ளச் சொன்னார். ஒருமுறை, "ஊர் பாக்க வந்தோம்னு எத்தன பேருட்ட சொல்லியாச்சு, கிருபா. சிரிக்காவ. நம்ம ஆளுவ ஊர் பாக்க வரக்கூடாதா?" என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டேன். ஜூலை இரண்டாம் தேதி பிற்பகலில் இறந்தார். இது நான் கண்டது. அக்காளுக்கு இது தெரியாது.

10. ஐந்தாம் கடிதம் சர்க்கரை மடித்த தாளில், கரியால் எழுதப்பட்டது. அகமது கபீர் தோட்டத்துக்குச் சரக்குக் கொண்டுபோனபோது அதை அவளிடம் வாங்கி, தம் தொப்பிக்குள் வைத்துக் கொண்டுவந்தார். அதில் ஒரு வரியை நான் பலமுறை படித்தும் அதன் பயனை முதலில் அறியவில்லை. இருளாயியைக் குளிப்பாட்டியபோது அவளுடைய வலது முன்கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்தது, நம் ஊர்ப் பெண் என்று அதைப் பார்த்து அழுதேன் என்று எழுதியிருக்கிறாள்.

ஜூலை ஐந்தாம் தேதி, விடுதி அம்மாளின் அனுமதியோடும் அகமது கபீரோடும் வன்னியம்பட்டிக்குச் சென்று, இருளாயியின் தாயார் மாரியாத்தாளைக் கண்டேன். மகள் இறந்ததை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவர் நம்பவில்லை. அவள் கையில் தேள் இருக்குமே, பார்த்தாளா உன் அக்காள் என்று கேட்டார். நான் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். அவர் அந்த வரியைத் தொட்டுப் பார்த்தார். அப்போதுதான் எனக்குத் தோன்றியது: எங்கள் சபையில் பச்சை குத்திக்கொள்வதில்லை. என் அக்காளின் கையில் ஒரு புள்ளிகூடக் கிடையாது.

இருளாயி இறந்தாள் என்பதற்கும், தேள் அடையாளத்துக்கும் கைநாட்டு வைத்துத் தரும்படி கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். "பேரேட்டுல எம் மவ இருக்காள்ளா? காலையில பேரச் சொல்லிக் கூப்பிடுவாவள்ளா? அது இருந்துட்டுப் போகுது. அத நீ அழிச்சிராத, தாயி." நான் திரும்பி வந்துவிட்டேன். அவர் சொன்னதைத் தவறென்று என்னால் எழுத முடியவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது எழுந்து போகிறவள் என் அக்காள்.

11. இரண்டாம் முறை பதினோராம் தேதி போனேன். அவர் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் வரப்பில் நின்றேன். அந்த வரிசை முடிந்ததும் நிமிர்ந்து, "ஒங்க அக்கா எம் மவளுக்குத் தண்ணி குடுத்தாளா?" என்று கேட்டார். கொடுத்தாள், இரண்டு நாளும் கொடுத்தாள் என்றேன். "மண்ணு யாரு போட்டா?" என்றார். என் அத்தான் என்றேன். சேற்றுக் கையைத் துடைக்க நான் என் பாவாடையை நீட்டினேன். அவர் தம் சேலையிலேயே துடைத்துக்கொண்டு பெருவிரலை நீட்டினார். இணைப்பில் கைநாட்டின் ஓரத்தில் இருப்பது அழுக்கல்ல, அந்த வயல் மண்.

ஆகையால் தாங்கள் தயவுகூர்ந்து,

இலங்கை அரசாங்கத்துக்கு எழுதி, ஆனைக்கல் தோட்டத்தில் நூற்றெழுபத்து மூன்றாம் எண்ணுள்ள பெண்ணின் வலது கையை யாரேனும் ஓர் அதிகாரி திருப்பிப் பார்க்கும்படி செய்யக் கோருகிறேன். அதற்கு ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகாது. வில்லை கொடுக்கும் இடத்தில் ஆட்களின் அங்க அடையாளத்தை எழுதிக்கொள்வார்கள் என்று அகமது கபீர் சொல்கிறார். அப்படியானால் தேள் அங்கே எழுதப்பட்டிருக்கும். எங்கள் சபையின் விவாகப் பதிவின் நகலும் இத்துடன் இருக்கிறது.

இருளாயியின் மரணத்தையும், அவள் மடத்துக்குப் பின்னால் அடக்கமாகியிருப்பதையும் அவள் சொந்தப் பெயரிலேயே பதிந்து, அந்த வில்லையைத் தோட்டத்திலிருந்து வாங்கி, மாரியாத்தாளிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறேன். அதை அவர் கேட்கவில்லை. அவர் மகள் கேட்டிருந்தாள்.

கடைசியாக ஒன்று. என் அத்தான் இறந்த செய்தியை எந்த ஆபீஸ் கடிதத்திலும் என் அக்காளுக்குத் தெரிவிக்க வேண்டாம். அவள் கப்பலிலிருந்து இறங்கட்டும். தூத்துக்குடியில் நான் போய் நின்று சொல்லிக்கொள்வேன். ஐந்தாம் கடிதத்தின் முடிவில், அத்தான் அத்தாட்சியோடு வருவார் என்று தினமும் பாதையைப் பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு, அதன் கீழே எனக்காகத் தனியாக எழுதியிருக்கிறாள்: 'தேயிலை செடிதான், கிருபா. இடுப்பளவுக்கு வெட்டிக்கொண்டே இருக்கிறார்கள். வெட்டாமல் விட்டால் மரமாகும் என்கிறார்கள்.'

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
கு. கிருபாபாய்

சாட்சி: அகமது கபீர், வியாபாரம், வத்திராயிருப்பு.

இடம்: ஸ்ரீவில்லிபுத்தூர்
தேதி: 1903 ஜூலை 14

இணைப்பு: அக்காளின் கடிதங்கள் ஐந்து. விவாகப் பதிவின் நகல். மாரியாத்தாளின் கைநாட்டு.

குறிப்பு: நகலை நான் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் கடைசி வரிகள் கோணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். விடுதியில் விளக்குகள் அணைக்கப்பட்டுவிட்டன.