வலி இல்லை என்று சொன்னது யார், அண்ணா?

அன்புள்ள அண்ணா,

நீங்கள் கடைசியாகப் படுத்திருந்த அதே மருத்துவமனையில், அதே மாதிரி ஜன்னலோரக் கட்டிலிலிருந்து எழுதுகிறேன். என் ரத்தத்திலும் அந்த ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமிதான். வழக்கமான மருந்துகளுக்கு மசியாத வகை. காலில் ஆறாமல் கிடந்த புண் வழியாக நுழைந்திருக்கலாம் என்கிறார்கள். பயப்படாதீர்கள் என்று எழுதக் கை போகிறது. இனி நீங்கள் எதற்குப் பயப்பட வேண்டும்?

காய்ச்சல் விட்டுவிட்டது. உங்கள் மகள் மலர்விழி தேக்கா சந்தையிலிருந்து இட்லி வாங்கி வருகிறாள். மிச்சம் வைக்காமல் சாப்பிடுகிறேன். ஆனாலும் சோதனைக்கு எடுக்கிற ரத்தத்திலெல்லாம் கிருமி வளர்கிறது. ரத்தத்தைக் குப்பியில் விட்டு இதமான சூட்டில் வைப்பார்களாம். உள்ளே ஏதாவது உயிரோடு இருந்தால் கருவி காட்டிக்கொடுத்துவிடும். நான் இங்கே நாளிதழ் படித்துக்கொண்டிருக்கும்போது, எங்கோ ஓர் அறையில் என் ரத்தத்துக்குள் வேறொன்று விழித்துக்கொள்கிறது. உங்களுக்கும் இப்படித்தானே நடந்தது? தாதியரைக் கிண்டல் செய்துகொண்டுதானே இருந்தீர்கள்?

மருந்து சரியில்லையா என்று இன்று டாக்டரிடம் கேட்டேன். எனக்கு அவ்வளவு தைரியம் வந்ததே பெரிது. நம் தமிழ்ப் பெண்தான், சின்ன வயது.

"லேப்ல அந்த மருந்து கிருமியைக் கொல்லுது அங்கிள். ஆனா உங்க உடம்பு லேப் இல்லையே. சீழ் கட்டுன இடம், எலும்பு, ஹார்ட் வால்வு, இங்கெல்லாம் ஒளிஞ்சிருந்தா மருந்து சரியா போய்ச் சேராது. சிலது நம்ம செல்லுக்குள்ளயே போய்த் தூங்கிடும். வளர்றதைத்தான் மருந்து நல்லா அடிக்கும். தூங்குறது தப்பிச்சு, அப்புறமா எழுந்து வரும்."

"தூங்குறதை எப்படிம்மா கண்டுபிடிப்பீங்க?"

"ஸ்கேன்ல தேடுவோம். சில நேரம் எவ்வளவு தேடியும் கிடைக்காது. எங்க தேடணும்னு நீங்களும் சொல்லணும். எங்கயாச்சும் வலிக்குதா? முதுகு?"

அவர் கேட்ட அந்த நொடியில், இடுப்புக்குச் சற்று மேலே, முதுகெலும்பில் விண்ணென்று தெறித்தது. சில நாட்களாகவே இருக்கும் வலி. வாயைத் திறந்தேன்.

"நோ பெயின் லா, டாக்டர். எல்லாம் ஓகே லா."

அண்ணா, இந்த ஊர்க்காரர்கள் மாதிரி வாக்கியக் கடைசியில் 'லா' போட்டு நான் பேசியதே இல்லை. "இவன் கோப்பிக்கடையிலயும் ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரியே பேசுறான்" என்று நீங்களே கேலி செய்வீர்கள். அந்தச் சொற்கள், அந்த இழுவை, கடைசியில் வந்த சின்னச் சிரிப்பு, எல்லாம் உங்களுடையவை. மலர்விழி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"சித்தப்பா, அப்பா மாதிரியே பேசுறீங்க."

டாக்டர்கள் உங்களைக் கேட்டபோதெல்லாம் நீங்கள் சொன்னதும் இதுதான். உங்கள் முதுகெலும்பில் சீழ் கட்டியிருந்தது தெரியவந்தபோது காலம் கடந்திருந்தது. யார் வீட்டுக்குப் போனாலும், வயிறு காய்ந்தாலும், "சாப்பிட்டாச்சு" என்று சொல்ல வேண்டும் என்று அம்மா நம்மை வளர்த்தார். அன்பாகக் கேட்பவருக்குத் தொல்லை தரக் கூடாது. டாக்டருக்குமா, அண்ணா?

இப்போது இன்னொரு சந்தேகம். பேசியது அந்தப் பழக்கமா, நீங்களா, அல்லது உள்ளே தூங்குகிறதே, அதுவா? யாரும் தேடி வராமல் இருப்பதுதானே அதற்கு வேண்டும்? படித்தவன் இப்படி நினைக்கலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் நினைக்கிறேன்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். சொன்னதை மாற்றிச் சொன்னால் என்ன நினைப்பாரோ என்று தயங்கிக்கொண்டிருந்தேன். மலர்விழி அழைப்பு மணியின் பொத்தானை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் அழுத்தவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அழுத்திவிட்டேன். காலடிச் சத்தம் நெருங்குகிறது. பேசியது நீங்களாக இருந்தால், கொஞ்சம் தள்ளி நில்லுங்கள், அண்ணா. இந்த முறை என் குரலில் சொல்வேன். வலிக்கும் இடத்தில் விரல் வைத்தே காட்டுவேன்.

எப்போதும் உங்கள் பின்னாலேயே வந்த, இப்போது மட்டும் வர மறுக்கும் தம்பி,
சுந்தரம்