நமக்கென்று வாங்கிய வளவு

இன்று காலை உன் வீட்டைத் திறந்தார்கள். நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மதிலைத் தாண்டி ஒரு வாடை வந்தது. நெடுநாள் பூட்டிக் கிடந்த வீட்டின் வாடை. ஈரச் சுண்ணாம்பும் பல்லி எச்சமும் உறை பிரிக்காத மெத்தையும் கலந்தது. ஒரு கணம் நீதான் வந்துவிட்டாய் என்று நினைத்துத் துருவலைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டேன். எழுந்த பிறகுதான் நீ இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இந்த வயதில் அறிவு எப்போதும் ஆளுக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது.

திறந்தவர் உன் சின்ன மருமகனின் அண்ணன். கட்டாரிலிருந்து உன் இளையவள் விடுமுறைக்கு வருகிறாளாம், பத்து நாள். அதற்காகச் சன்னல்களைத் திறந்து காற்றோட விடுகிறார்கள். மனிதர் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "மாமி, பகல் முழுக்கத் தனியவா இரிக்கிற? பயமில்லயா?" என்று கேட்டார். "பழகிட்டு தம்பி" என்றேன். இங்கே வந்து மூன்று வருடமாகிறது. பழகவில்லை.

கல்முனைக் கந்தோரில் ஒரே மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. எத்தனை வருடம் அப்படி இருந்தோம், ஒருவரையொருவர் 'கா' என்று கூப்பிட்டுக்கொண்டு. மூத்த பெண்களை நாம் கட்டிக்கொடுத்ததும் ஏறத்தாழ ஒரே காலத்தில்தான். நம் ஊர்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அவர் வந்து இருக்க ஒரு வீடு வேண்டும். சாய்ந்தமருதில் கடற்கரைப் பக்கம் கோழிக்கூடு கட்டவும் நிலமில்லை, ஆகவே தாய் இருக்கும் வீடுதான் மகளுக்குப் போகும். நானும் கொடுத்தேன், நீயும் கொடுத்தாய். கொடுத்த வீட்டிலேயே ஆளுக்கொரு பின்னறையில் ஒதுங்கினோம். ஒரு நாள் சோற்றுப் பார்சலை அவிழ்த்துக்கொண்டே நீ சொன்னாய்:

"முதல்ல அது உம்மாட ஊடு. புறகு மகள்ர ஊடு. நடுவுல கொஞ்ச நாள் கூட்டிப் பெருக்கத்தான் நம்மட கையில தாறாங்க, கா."

அன்று நான் சிரித்துச் சிரித்துப் புரையேறினேன். நீ சிரிக்கவில்லை.

ஓய்வு பெறும் வருடத்தில்தான் அந்த விளம்பரப் பலகையை நீ கண்டாய். வாய்க்கால் பாலம் தாண்டி, மேற்கே, வயலை நிரப்பி, வீடு கட்டும் வளவுகளாகப் பிரித்த காணித் துண்டுகள். "குடும்பங்களுக்கேற்ற அமைதியான சூழல்" என்று எழுதி, பக்கத்தில் நம் ஊர்க்காரர் யாருடைய சாயலும் இல்லாத ஒரு குடும்பம் பல்லெல்லாம் தெரிய நின்றது. ஓட்டோ பிடித்துப் பார்க்கப் போனோம். கிறவல் மண் கொட்டிய வெறும் நிலம். சுற்றிவரப் பச்சை வயல். நீ செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலடியால் அளந்தாய். இங்கே உன் குசினி, அங்கே என் குசினி, இரண்டு சன்னலும் ஒன்றையொன்று பார்க்க வேண்டும்.

"மகளுக்கெண்டு இல்ல. நமக்கு. காணி உறுதியில நம்மட பேர் மட்டும்" என்றாய்.

அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இங்கே வந்தேன். காற்றுக்காகவும் இல்லை, அகலமான தெருவுக்காகவும் இல்லை. என் கணவர் வீடு மாறும் நாள் வரை முணுமுணுத்தார். "கடல் சத்தம் கேக்காத இடத்துல எப்பிடி நித்திர வரும்" என்றார். நான் கேட்கவில்லை. பக்கத்தில் நீ இருப்பாய் என்ற தைரியம்.

கட்டிக் குடிவந்து, உன் வீட்டில் நீ இருந்தது பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளும் நான் சமைத்த கறி ஒன்றுமே உருப்படவில்லை, அவ்வளவு கதை. நீ பல் துலக்கிக்கொண்டு சன்னலுக்கு வருவாய். "உன்ர மீன் தீயுதுகா" என்பாய். அடுப்பு என்னுடையது, மூக்கு உன்னுடையது. அந்த நாட்களில் பாடிக்கொண்டு வீடு கூட்டினாய். உன்னவர் மௌத்தாகி நீ தனியான பிறகு உன்னை நான் அப்படிக் கண்டதில்லை.

பதின்மூன்றாம் நாள் நீ சன்னலுக்கு வரவில்லை. கேற்றால் வந்து, முன்கதவால் நுழைந்து, விருந்தாளி மாதிரிக் கதிரையில் இருந்தாய். உன் இளையவளுக்குக் கலியாணம் கேட்டு வந்திருக்கிறார்கள், நல்ல இடம், மாப்பிள்ளை கட்டாரில், வீடு எங்கே என்று கேட்கிறார்கள். எனக்கு மீதி கேட்க வேண்டியிருக்கவில்லை.

"உன்ர பேர்ல ஒரு வாசப்படி வெச்சிருக்க உனக்கு ஏலாதா?" என்றேன்.

"நான் உம்மாகா. வேற என்ன செய்யச் சொல்றாய்?"

"அப்ப என்னத்துக்கு எனக்கு ஆச காட்டி இஞ்ச கொண்டு வந்து விட்ட? சொன்ன சொல்லுக்கு ஒரு மானம் வேணும்."

நீ எழுந்தாய். முந்தானையைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். கலியாணத்துக்கு வந்து தலையைக் காட்டினேன். கை நனைக்காமல் திரும்பினேன். நீ அதைக் கண்டாய். சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருக்க, என் இடம் மட்டும் காலியாக இருந்ததை நீ பார்த்துக்கொண்டே நின்றாய்.

நாற்பது நாளில் பிள்ளைகள் கட்டாருக்குப் போனார்கள். சாவி மாப்பிள்ளை வீட்டாரிடம். சாமான் எல்லாம் புதிது, பூட்டியே கிடக்கட்டும் என்றார்களாம். நீ மூத்தவளின் பின்னறைக்குத் திரும்பிப் போனாய். ஆளில்லாமல் ஒரு வீடு இங்கே, வீடில்லாமல் ஒரு ஆள் அங்கே. "நான் போய் இரிக்கட்டா" என்று நீ ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நீ கேட்க மாட்டாய் என்பது எனக்குத் தெரியும். குடுத்த ஊடு குடுத்ததுதான் என்பவள் நீ.

இந்தத் தெருவைப் பற்றிச் சொல்கிறேன், கேள். பதினொரு வீடு. விளக்கெரிவது நான்கில். மீதி எல்லாம் உன் வீட்டைப் போலத்தான், ஏதோ ஒரு பெண் பிள்ளைக்காகக் காத்துக் கிடக்கின்றன. எதிர்வீட்டுக்காரிக்கு ஏழு வயது. பாடசாலை விடுமுறையில் தகப்பனோடு வந்து, முற்றத்தில் சைக்கிள் ஓடிவிட்டு, தான் மணப்பெண்ணாக இருக்கப்போகும் அறையின் சுவரில் சோக்கட்டியால் பூனை கீறிவிட்டுப் போகிறாள். போன மாதம் என்னிடம், "நீங்க யார்ர ஊட்ட இரிக்கிற?" என்று கேட்டாள். என்னுடைய வீடு என்றேன். நம்பவில்லை. உம்மாமாருக்கு வீடு இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மீன்காரர் பாலத்தோடு திரும்பிவிடுகிறார். நாலு வீட்டுக்காக உள்ளே வர அவருக்குக் கட்டாது. கீரி மீன் வேண்டுமென்றால் நான் பாலம் வரை நடக்க வேண்டும். பள்ளிவாசல் பாங்கு, காற்று இந்தப் பக்கம் அடித்தால் கேட்கும். மாரி மழையில் முற்றம் முழுக்கத் தவளை, தான் வயலாக இருந்ததை நிலம் இன்னும் மறக்கவில்லை. அறுவடைக் காலத்தில் வெட்டு மெசின் ஓடும்போது தூசி தாங்க முடியாது, ஆனால் எனக்கு அந்த நாட்கள்தான் பிடிக்கும். ஆள் சத்தம் இருக்கும். பெருநாளைக்கு எல்லோரும் ஊருக்குள் போய்விடுவார்கள். என் கணவர் பகல் லுஹர் தொழுகைக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால் இரவு இஷாவுக்குப் பிறகுதான் வருவார். பழைய பள்ளிவாசல், பழைய கூட்டாளிகள், பழைய பிளேன்டித் தேநீர்க் கடை. அவருக்கு நித்திரை மட்டும்தான் இங்கே. அவரைக் குறை சொல்ல மாட்டேன். போக ஓர் இடம் இருப்பவர் போகிறார்.

சென்ற வெள்ளிக்கிழமை என் இளையவளுக்கும் கேட்டு வந்தார்கள். அவளுக்குக் கொழும்பில் வேலை என்பது உனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் அங்கேதான். மாப்பிள்ளையின் தாய் அறை அறையாகப் பார்த்தார், குசினிக் குழாயைத் திறந்து மூடினார். "ஊடு நல்லாரிக்கி. புள்ளைகள் லீவுல வந்தா நிக்கலாம், மத்த நேரம் பூட்டி வெச்சா பழுதாகாது" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். கேள்வியை அவர் இன்னும் கேட்கவே இல்லை. அதற்குள் நான், "ஓம், இது அவட ஊடுதான்" என்றேன்.

யோசிக்கவில்லை. ஒரு மூச்சு கூட எடுக்கவில்லை. சொன்ன சொல்லுக்கு மானம் வேண்டும் என்று உன்னை ஏசிய அதே வாய். அவர்கள் போன பிறகு பாத்திரம் கழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். வீட்டுக்காக அழவில்லை. உனக்குப் பன்னிரண்டு நாளாவது யோசனை இருந்திருக்கும். நீ அவர்களுக்கு ஒரு இரவாவது பதில் சொல்லாமல் இருந்திருப்பாய். எனக்கு அதுவும் இல்லை, கா. உன்னைப் பிழை சொல்ல எனக்கு ஒரு தகுதியும் இருக்கவில்லை.

இனி, நீ கடைசியாக இங்கே வந்த அந்தப் பின்னேரத்தைச் சொல்ல வேண்டும்.

அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. நீ இறங்கினாய். மெலிந்திருந்தாய். உன் வீட்டுக் கேற்றின் பூட்டைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக விட்டாய், சத்தம் வராமல். பிறகு என் கேற்றுக்கு வந்து இரண்டு முறை தட்டினாய். "இரிக்கியா கா?" என்று கூப்பிட்டாய். நான் குசினியில் நின்றேன். அப்போதுதான் பருப்புக்குத் தாளித்திருந்தேன். அந்த மணம் தெருமுனைவரை போயிருக்கும். இன்னொரு முறை கூப்பிடட்டும், போகிறேன் என்று நினைத்தேன். வீறாப்பு. நீ கூப்பிடவில்லை. ஓட்டோ திரும்பும் சத்தம் கேட்டபோது ஓடி வந்தேன். பாலத்தில் ஏறிவிட்டது.

மூன்று கிழமையில் நீ மௌத்தானாய். அந்தப் பின்னறையில்தான் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். உன் மூத்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சாச்சி, உம்மா அண்டைக்கு உங்களப் பாக்கத்தான் வந்தவ. ஊட்ட ஆளில்லயெண்டு திரும்பி வந்துட்டா. 'அவ பாவம், நான் சொல்லாமப் போனதுதான் பிழ' எண்டு ரெண்டு மூணு தரம் சொன்னா."

உனக்கு அந்த மூக்கு. நான் எந்தக் கறிக்கு என்ன போட்டேன் என்பதைச் சுவருக்கு அப்பாலிருந்து சொல்பவள் நீ. எனக்காக உன் பிள்ளையிடம் பொய் சொன்னாய். நான், "ஓம் மகள், அண்டைக்கு நான் ஊருக்குள்ள போயிருந்தன்" என்றேன். உன் மையித்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னேன்.

கலியாணம் முடிந்தால் நானும் பின்னறைக்குத்தான். சாவியைக் கொடுப்பது எனக்குப் பாரமாக இராது. உன் மூத்தவளைச் சந்தையில் காணும்போதெல்லாம் வாய் வரைக்கும் வந்து நின்றுவிடுகிற ஒன்றுதான் பாரம். அவளிடம் எப்போது சொல்வேனோ தெரியாது. உனக்கு இது தெரியும், ஆனாலும் என் வாயால் நீ கேட்கவில்லை. அன்று நான் வீட்டில்தான் இருந்தேன், கா.