விளிம்பில் ஒரு தழும்பு

காலிங்வுட், ஜூலை 1923

என் முரட்டு மனிதனுக்கு,

கோபத்தில்தான் எழுதுகிறேன். உன் கடைசல் இயந்திரத்தின் வாரைக் கழற்றிவிட்டார்கள். அன்று தகடு தெறித்து, உன்னைச் சாய்த்துவிட்டுப் போய்க் குத்தி நின்ற சுவரையும் பூசி, வெள்ளை அடித்தாயிற்று. ஆனாலும் மெருகு போடுகிற என் மேசைக்கு உன் சட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன.

எனக்கா தெரியாது? சுழலும் அலுமினியத் தகட்டை நீ கம்பியால் அழுத்தி வளைக்கும்போது, வலிக்கிற தோள் ஒருமுறை நழுவும். விளிம்பில் சின்னதாக ஒரு தழும்பு விழும். அதைத் தேய்த்து மறைப்பதுதானே இத்தனை வருடமாக என் வேலை!

மேஸ்திரி டன்ஸ்டனிடம் காட்டினேன். "பாவம், அவன் போறதுக்கு முன்னாடி செஞ்சது எங்கயாவது மீந்து கிடந்திருக்கும்மா. தேச்சுப் போட்டுட்டு அடுத்ததை எடு," என்றார்.

பக்கத்து மேசை ஹனோரா, "சட்டியக் கட்டிப் புடிச்சது போதும்டி, மூக்கெல்லாம் மெருகுக் கரி," என்று சிரித்தாள். நான் சட்டியை அவள் கையில் கொடுத்தேன். சிரிப்பு நின்றுவிட்டது. இயந்திரத்திலிருந்து அப்போதுதான் இறக்கியதுபோல் அது சுட்டது.

அதை மட்டும் தேய்க்க மனம் வரவில்லை. சால்வைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். உனக்குப் பிறகு நான் மூட்டாத அடுப்பின்மேல்தான் வைத்திருக்கிறேன். வெளியே, இந்த ஊர் ஜூலைக் குளிரில், வாளித் தண்ணீர் உறைந்து கிடக்கிறது. சட்டி இன்னும் ஆறவில்லை.

யாருக்காக இன்னும் இத்தனை சட்டி? தோள் வலிக்கும். போதும், நிறுத்து.

நிறுத்திவிடாதே.

உன் தழும்புகளையெல்லாம் தேய்த்து அழித்தவள்