விசாகப்பட்டினத்தில் இரண்டு நாள்

சித்தூர்
20-09-2024

அன்புள்ள ஹேமநாத்துக்கு,

நலம் என்று எழுதித் தொடங்குவதே முறை. இந்த வீட்டில் அது இப்போது உண்மையில்லை என்பதால் விட்டுவிட்டேன். நொய்டாவில் நீயாவது நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முதலில் கீழே உள்ளவற்றைப் படி. கல்லூரியில் பிறரிடம் விளக்கம் கேட்டு மெமோ எழுதியே பழகிய கை இது. வேறு விதமாக எழுத வரவில்லை.

1. 15-01-2024, பொங்கல். அம்மாவை வைசாக் அழைத்துப்போய் இரண்டு நாள் ஊர் சுற்றிக்காட்டி, கடற்கரை ஓட்டலில் நண்டு வாங்கித் தருவதாகத் தொலைபேசியில் நீயாகவே சொன்னாய். யாரும் உன்னைக் கேட்கவில்லை.

2. 10-04-2024. அலுவலக வேலை என்று முதல் பயணத்தை நிறுத்தினாய்.

3. 14-06-2024. நண்பன் திருமணத்துக்குக் கோவா போவதாகச் சொல்லி இரண்டாவதை நிறுத்தினாய். மறுநாள் அங்கே நண்டு தின்னும் உன் படத்தை ஸ்டேட்டஸில் வைத்தாய். உன் அம்மா அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்து, நல்லா சதை பிடிச்ச நண்டு, கொயந்த துன்னட்டும் என்றாள்.

4. 14-08-2024. திருப்பதி ரயில் நிலையத்தில் பெட்டியோடும் புளியோதரைப் பொட்டலத்தோடும் நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உன் செய்தி வந்தது. சாரி நைனா, ஃப்ளைட் கேன்சல் பண்ணிட்டேன், அடுத்த மாசம் பக்கா என்று இருந்தது. சித்தூர் பஸ்ஸில் அந்தப் பொட்டலத்தை உன் அம்மா மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

5. 16-09-2024. அக்டோபர் ஐந்தாம் தேதி போகலாம் என்று எழுதியிருக்கிறாய். அது புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

ஐந்தாவதில் தொடங்குகிறேன். புரட்டாசி முழுவதும் இந்த வீட்டு வாசலைத் தாண்டி மீனோ கறியோ வந்ததில்லை என்பதையும், மூன்றாம் சனிக்கிழமை அம்மா மாவிளக்கு ஏற்றுவாள் என்பதையும், பத்து வயதுவரை நீயே நெற்றியில் நாமம் இட்டுக்கொண்டு செம்பை ஏந்தி ஐந்து வீடுகளில் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கி வந்தாய் என்பதையும் நீ எப்படி மறந்தாய் என்று எனக்குப் புரியவில்லை. அந்த நாளில் அவளை நண்டு தின்ன அழைத்திருக்கிறாய். உன்னைக் கேட்கிறேன் என்று போனை எடுத்தேன், அவள் பிடுங்கிக்கொண்டாள். இன்னாங்க நீங்க, வடக்க இருக்கிறவனுக்குப் புரட்டாசி எங்க தெரியும், நீங்க ரெண்டு பேரும் நண்டு துன்னுங்க, நான் இட்லி துன்னுக்கிறேன், எனக்கு அந்த மலையைப் பார்த்தா போதும் என்றாள்.

எந்த மலை என்று உனக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. தெலுங்கு வழிப் பள்ளியில் இருபத்திரண்டு ஆண்டுகளாக சோஷியல் பாடம் எடுக்கிறவள், விசாகப்பட்டினத் துறைமுகத்தைப் புயலிலிருந்து மறைத்து நிற்கும் டால்பின் நோஸ் மலையை ஆண்டுதோறும் கரும்பலகையில் சாக்பீஸால் வரைந்து காட்டுகிறாள். ஒருமுறை துர்காதேவி என்ற மாணவி எழுந்து, டீச்சர் மீரு சூசாரா, நீங்கள் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாளாம். அடுத்த வருஷம் பார்த்துட்டு வந்து சொல்றேன் என்றாளாம் இவள். துர்காதேவி இப்போது கல்யாணமாகிக் குடிபாலாவில் இருக்கிறாள். உன் பொங்கல் போனுக்குப் பிறகு பாடத்திட்ட நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மா ஒரு பட்டியல் எழுதினாள். மலை, கரையில் நிறுத்தியிருக்கும் நீர்மூழ்கிக் கப்பல், நண்டு. மூன்றே வரிகள். ஒவ்வொரு முறையும் தேதியை அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய தேதியை எழுதியிருக்கிறாள். பட்டியலை மாற்றவில்லை.

இனி நான் எழுதப்போவதை எழுதமாட்டேன் என்று உன் அம்மாவிடம் சத்தியம் செய்திருக்கிறேன். ஏப்ரலில் அவளுடைய கடைவாய்ப்பல் ஒன்று உடைந்து நாக்கின் இடப்பக்கத்தைக் கீறிக்கொண்டிருந்தது, சிறிய புண். பல் டாக்டரிடம் போகலாம் என்றேன். பல்லைப் புடுங்கிட்டா நண்டை எப்பிடிக் கடிக்கிறது, வைசாக் போய்வந்து பார்த்துக்கலாம் என்றாள். சரி என்று நானும் சொன்னேன். ஜூனில் அதையே சொன்னாள், ஆகஸ்டிலும் அதையே சொன்னாள், நானும் மூன்று முறையும் சரி என்றேன். படித்தவன், ஐம்பத்தாறு வயதானவன், ஆறாத புண்ணை ஐந்து மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். இது மேலே எண் போட்டு எழுதிய ஐந்தில் இல்லாததைக் கவனித்திருப்பாய். இது என் கணக்கு, உன்மேல் சுமத்துவதற்கில்லை. ஆயினும் உனக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று முடிவு செய்தேன். இம்மாதம் வேலூரில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். நாக்குப் புற்றுநோய். அக்டோபர் 23 புதன்கிழமை அறுவை சிகிச்சை, அதற்கு முன் இடமில்லை என்றார்கள். நாக்கின் இடப்பக்கம், ஏறக்குறையப் பாதி நாக்கு, போகும். மாதக்கணக்கில் கஞ்சியும் கூழும்தான், ருசி எந்த அளவுக்குத் திரும்பும் என்று சொல்ல முடியாது, பேச்சும் பழையபடி இருக்காது என்று மருத்துவர் தயங்காமல் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வெளியே வந்ததும் அவள் முதலில் சொன்னது, நம்ம ஏமுவுக்குச் சொல்லாதீங்க, தெரிஞ்சா அவன் மூஞ்சி வாடிப்பூடும், அப்பிடி ஒரு மூஞ்சியை எதிர்ல வச்சிக்கினு எனக்கு நண்டு எறங்காது என்பதே.

ஆகவே நீ செய்ய வேண்டியது இதுதான். அக்டோபர் ஐந்தை விட்டுவிடு. பதினேழாம் தேதியோடு புரட்டாசி முடிகிறது. பதினெட்டு மாலை திருப்பதியில் ரயில் ஏறி நாங்கள் பத்தொன்பதாம் தேதி அங்கே வருவோம், இருபது மாலை புறப்பட்டால்தான் இருபத்திரண்டில் வேலூரில் சேர்க்க முடியும். மருத்துவரிடம் அனுமதி வாங்கிவிட்டேன், காரம் மட்டும் கூடாது என்றார், ஓட்டலில் மிளகாய் போடாமல் வேகவைத்துத் தரச் சொல்ல வேண்டும். மலையைக் காலையிலேயே பார்த்துவிட வேண்டும், வெயிலில் அவளால் நிற்க முடிவதில்லை. உனக்கு எதுவும் தெரியாது என்றே நடந்துகொள். அவள் பேசும்போது போனைப் பார்க்காதே. நிறையப் பேசுவாள், பேசட்டும்.

இன்னொன்று. நம் வீட்டில் நண்டு வைத்த நாட்களை நினைத்துப் பார். ஓட்டை உடைத்துச் சதையை எடுத்து உன் தட்டிலும் என் தட்டிலும் வைப்பாள், எனக்குச் சாறே போதும் என்பாள், நாமும் அதை நம்பித் தின்றோம். இந்த முறை அவளால் கடித்து உடைக்க முடியாது. யாராவது உடைத்து அவள் தட்டில் வைக்க வேண்டும். கோவா படத்தில் நீ லாகவமாக உடைத்துக்கொண்டிருந்தாய். எனக்கு அது தெரியாது.

ஏழுமலையான் உன்னை நோயின்றி வைத்திருக்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு, குளிர் வருமுன் கம்பளி வாங்கிக்கொள். பதிலைக் கடிதமாக எழுதி என் கல்லூரி முகவரிக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பு. என் போனைத் திறந்து எனக்குச் செய்திகளைப் படித்துச் சொல்கிறவள் அவள். மின்னஞ்சலும் வேண்டாம், இரண்டு நிமிடத்தில் எழுதி மறந்துவிடுவாய். வருகிறேன் அல்லது வரவில்லை, இரண்டில் ஒன்று, உன் கையெழுத்தில், செப்டம்பர் 30 திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குள் என் மேசைக்கு வந்து சேர வேண்டும். வரவில்லை என்றால் அவளிடம் சொல்ல வேண்டிய பொய்யை நான் பார்த்துக்கொள்வேன். ஆனால் நண்டு உடைக்க நான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும், புரட்டாசியில் அதை வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, வெளியே யாரிடமாவது போய்த்தான் பழக வேண்டும். அதற்கு எனக்கு நாள் வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
கோவர்த்தனன்